கிரேனா, ஆமையா

அறிவுச்செல்வனுக்கு மீட்டர் மேல் நம்பிக்கை உண்டு. திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே செல்போன் சர்வீஸ் கடையில் அவனுக்கு வேலை. எந்த போன் வந்தாலும் முதலில் மீட்டரை வைத்துப் பார்ப்பான். மீட்டர் சொன்னால் கரண்ட் இருக்கிறது, சொல்லாவிட்டால் இல்லை. வாடிக்கையாளர் சொல்வதை அப்புறம்தான் காதில் வாங்குவான். அப்படிப்பட்டவன் ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

காரணம் இரண்டு இயந்திரங்கள். இரண்டும் அவன் போனுக்குள் இருந்தன.

அது ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் விளையாட்டு. இடிந்துபோன ஒரு நகரத்தில் இரண்டு அணிகள் இறங்கும். கடைசியில் எந்த அணியில் ரோபோ மிச்சம் நிற்கிறதோ அது ஜெயித்தது. கனரக ரோபோக்களுக்குக் கம்பெனிக்காரன் வாயில் நுழையாத பேர்களை வைத்திருந்தான். அறிவின் அக்கா ஆரோக்கியசெல்வி அவற்றைத் தள்ளிவிட்டு வேறு பேர் வைத்தாள். மூன்று மாடி உயரமும் நீண்ட கைகளும் கை நுனியில் பீரங்கிகளுமாக நின்றது கிரேன். நான்கு குட்டைக் கால்களில் தரையோடு தரையாக நகர்ந்து, நின்றால் முதுகுத் தகடுகளை இறக்கிச் சுற்றிலும் மூடிக்கொள்வது ஆமை.

ஆட்கள் இரண்டு, ஐடி ஒன்று. அக்கா கல்யாணமாகி விழுப்புரம் போவதற்கு முன்பு வீட்டில் ஒரே போன்தான் இருந்தது. அதில் அவள் தொடங்கிய ஐடி அது. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே தள்ளப்படுவார். அதனால் பகல் அக்காவுக்கு, பொழுது சாய்ந்தால் தம்பிக்கு என்று பேச்சு. பங்கு பிரிக்கிற அளவுக்கு அவர்கள் வீட்டில் எதுவும் கிடையாது. இருந்த ஒன்றையும் பிரிக்க முடியவில்லை.

இப்போது பிரிக்க வேண்டி வந்தது. சீசன் முடிவில் ஐடிக்கு ஒரே ஒரு கோர், ரோபோவுக்குப் போடும் புது இதயம், கிடைத்தது. அதை எந்த ரோபோவின் நெஞ்சில் வைக்கிறார்களோ அது மேல் லீக்குக்குப் போகும். மற்றது பழைய நிலையிலேயே கிடந்து துருப்பிடிக்கும். ஞாயிறு முடிவதற்குள் வைக்காவிட்டால் கோரே போய்விடும்.

அறிவுக்கு ஆமை வராது. எப்போது தொட்டாலும் செத்தான். அக்காவுக்கு இப்போதெல்லாம் கிரேன் வருவதில்லை. ஆக, கோர் எந்த ரோபோவுக்கோ அந்த ஆள் ஆட்டத்தில் இருப்பார். மற்றவர் வேடிக்கை பார்க்கலாம்.

"ஏம்ப்பா, இன்னுமா முடிவு பண்ணல?" என்று தேவநாதன் தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அனந்தபுரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். செஞ்சிக்கோட்டை என்ற அவர்கள் அணிக்குத் தலைவர். "ஜல்தியா சொல்லு. அணியில ஒரு ஐடிக்கு ஒரு ஹெவி ரோபோதான். எது நல்லதுன்னு ரெண்டையும் வச்சிப் பார்த்துச் சொல்லு."

அறிவு வைத்துப் பார்த்தான். பயிற்சி மைதானத்தில் ஒரே சுவரை இரண்டாலும் சுட்டான். கிரேன் சுவரைப் பொடியாக்கி முடித்தபோது ஆமை பாதிச் சுவரில் நின்றது. ஓடவிட்டான். கிரேன் போய்த் திரும்பி வந்தது. ஆமை போய்க்கொண்டிருந்தது. அடி தாங்குவதில் மட்டும் ஆமை மேலே. மீட்டர் சொல்லிவிட்டது, கிரேன்தான்.

பிறகு பழைய ஆட்டங்களைத் திறந்தான். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. கிரேன் ஜெயித்ததைவிட ஆமை அதிகம் ஜெயித்திருந்தது. எல்லாம் பகலில் ஆடியவை, அக்கா கையில். அதே பகலில் அவள் கிரேனை எடுத்த ஆட்டங்களில் எல்லாம் தோல்வி. கிரேனை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஒரு காலத்தில் செல்வி கிரேனோடு இறங்கினால் எதிரணியில் பாதிப் பேர் வெளியே ஓடிவிடுவார்கள். ஆமையைப் பார்த்து, "இத வச்சிக்கினு எவன்டா வெளயாடுவான்? கட்டில் மாதிரி இருக்குது" என்று சிரித்தவளும் அவள்தான்.

ஓர் ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்த்தான். ஆமை நடுத்தெருவில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் மறைவாக ஒரு கட்டடம் இருந்தது, அங்கே போகவில்லை. திடீரென்று நின்றது. தகடுகளை இறக்கி மூடிக்கொண்டது. எதிரிகள் நான்கு பேர் சுற்றி வந்து அடித்தார்கள். ஆமை அசையவில்லை. அடித்து அடித்து அவர்களுடைய பீரங்கிகள் சூடேறிச் சிவந்து போயின. அந்த நேரம் ஆமை திறந்து, பக்கத்தில் இருந்தவனை ஒரே இடியில் சாய்த்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி காரணமில்லாமல் மூடிக்கொண்டது.

எல்லா ஆட்டமும் இப்படித்தான். எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பதற்கு ஒரு கணக்கும் பிடிபடவில்லை. எதிரி வருவதற்கு முன்பே மூடியது. எதிரி போன பிறகும் திறக்காமல் கிடந்தது.

அவன் அதை அணியின் குழுவில் போட்டது தப்பாய்ப் போயிற்று. தேவநாதன் பார்த்துவிட்டுப் பரவசமானார். "இது பூட்டுப்பா! விழுப்புரம் பூட்டு! எதிராளிய குழப்பி, சூடேத்தி, அப்புறம் அடிக்கிறா. இன்னா மூளை!" செஞ்சிக்கோட்டையில் ஆமை வைத்திருந்த எல்லோரும் நடுத்தெருவில் நின்று பூட்டுப் போட ஆரம்பித்தார்கள். எல்லோரும் செத்தார்கள். தென்னரசு என்ற பையன் கட்டடத்துக்குள் பூட்டுப் போட்டான். கட்டடத்தோடு செத்தான்.

"தொறக்கறதுக்கு ஏதோ சிக்னல் இருக்குது. உங்க அக்காகிட்ட கேளு" என்றார் தேவநாதன்.

அறிவு கூப்பிட்டான். அக்கா எடுத்ததும் பின்னால் ஏதோ உறுமியது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாளோ என்று நினைத்தான்.

"அக்கா, நடு ரோட்டுல ஏன் ஆமைய மூடிக்கினு நிக்கிற?"

"இன்னாடா? கேக்கல."

"ஏன் நிக்கிறன்னு கேட்டேன்!"

"நிக்காம? வச்சிட்டுத்தான போவணும்."

"எங்க போவணும்?"

"ஆளு வந்துட்டாங்கடா. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். அறிவு போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வச்சிட்டுப் போவணும் என்றால்? ஆமையை எங்கே வைத்துவிட்டு எங்கே போவது? யார் வந்துவிட்டார்கள்?

அன்று அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆடுவது அக்காவே இல்லையோ. நடுவில் நிற்கிற நேரமெல்லாம் போன் கை மாறுகிறதோ. அக்கா புருஷன் பெலிக்ஸ் மினி வேன் ஓட்டுகிறவர், போன் என்றால் காதில் வைப்பதற்கு என்று மட்டும் நினைப்பவர். அவராக இருக்காது. பின்னே யார்? இரண்டு பேரின் ஐடியை மூன்றாவது ஒருவருக்குக் கொடுத்துவிட்டாளா? கேட்டால் கோபப்படுவாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் பாசஞ்சரில் ஏறிவிட்டான். கோர் பற்றி நேரில் பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்து நாளாகிறது என்றான். அதுவும் உண்மைதான்.

விழுப்புரத்தில் அக்காவின் மாமியார் வீட்டுக்கு முன்னால் மாவு மெஷின் இருந்தது. மாமனார்தான் ஓட்டுவார். இப்போது அவர் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வா தம்பி, உள்ள இருக்குது பாரு" என்று மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

உள்ளே பெல்ட்டு ஓடிக்கொண்டிருந்தது. போனில் கேட்ட உறுமல் இதுதான். தலையில் துண்டு கட்டி, புருவமெல்லாம் வெள்ளையாக ஒரு பெண் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அக்கா என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"டேய்! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"நீ மெஷின் ஓட்டறியா?"

"இல்ல, டான்ஸ் ஆடறேன். மாமாவுக்குக் காலு போனதுல இருந்து நான்தான். அம்மா சொல்லலியா?"

அம்மா சொல்லியிருப்பாள். மாமனாருக்குக் கால் சரியில்லை என்று காதில் விழுந்திருந்தது. அதற்கும் ஆமைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

தராசுக்குப் பக்கத்துப் பலகையில், பால் கவரைக் கழுவி வெட்டி உறை மாதிரி மாட்டி, அக்காவின் போன் சாய்ந்து நின்றது. திரையில் ஆமை போய்க்கொண்டிருந்தது. அக்கா ஒரு விரலால் அதை நகர்த்தினாள். அதற்குள் ஒரு அம்மா கேப்பைப் பையோடு வந்து நின்றார். அக்கா திரையில் ஒரு தட்டு தட்டினாள். நடுத்தெருவில் ஆமை மூடிக்கொண்டது. அவள் போனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேப்பையை நிறுத்தாள், மேல் தொட்டியில் கொட்டினாள், கீழே துணிக்குழாயை உதறினாள், விரலில் மாவை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். திரையில் எதிரிகள் ஆமையைச் சுற்றிக்கொண்டு அடித்தார்கள்.

அறிவு பலகைப் பக்கம் பாய்ந்தான். "அக்கா, சாவப் போற!"

"இரு. அத்தை பாத்துக்குவாங்க."

அத்தை என்பது அவள் மாமியார் சவுரியம்மாள். தராசுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கண் மிளகாயில், ஒரு கண் போனில். கொஞ்ச நேரம் கழித்து மெஷின் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தார்.

"செல்வி! செவப்பு! செவப்பு வந்துருச்சுடி!"

அக்கா இடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தட்டு. ஆமை திறந்தது. பீரங்கிகள் சூடேறி நின்றவர்களில் ஒருவன் காலி. இன்னொரு தட்டு, இன்னொருவன் காலி.

"சாவலியா இன்னிக்கி உன் கட்டில்?" என்றார் கேப்பைக்கார அம்மா, மாவுப் பையைத் தூக்கிக்கொண்டே.

"ஆமையம்மா அது. எத்தன வாட்டி சொல்றது?"

"ஏதோ ஒண்ணு. நல்லா மூடிக்குது."

அறிவு போனையும் சவுரியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தான். தேவநாதன் கேட்ட சிக்னல் ஸ்டூலில் உட்கார்ந்து மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணு ஆடிப் பாக்கறேன்" என்றான்.

"ஆடு."

அவன் ஆமையை எடுத்தான். அக்கா செய்தது போலவே நடுத்தெருவில் நிறுத்தி மூடினான். எதிரிகள் வந்தார்கள். அடித்தார்கள். தகட்டின் பலம் இறங்கிக்கொண்டே வந்தது. அவன் விரல் திரை மேலேயே துடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பார்த்தான். தாங்கவில்லை. திறந்தான். வந்திருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

"அதுக்குள்ள ஏன் தம்பி தொறந்த?" என்றார் சவுரியம்மாள். "நான் இன்னும் சத்தமே போடலியே."

"மூடிட்டு இன்னா பண்றதுன்னு தெரியலங்க, அத்தை."

"வேலயப் பாரு" என்றாள் அக்கா.

"எனக்கு இங்க இன்னா வேல?"

"அதாண்டா."

அவள் சொன்னது பதிலா, கிண்டலா என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரோ அரிசியோடு வந்தார்கள். அக்கா போனாள். பெல்ட்டு மறுபடி உறுமியது. அவன் அவளுக்குப் பின்னாலேயே போய் நின்றான்.

"நீ முன்னாடி மாதிரி கிரேன எடு அக்கா. நீ எடுத்தா எவன் நிப்பான்?"

"கிரேனுக்கு ரெண்டு கையும் வேணும்டா. கண்ணும் எடுக்கக் கூடாது. எனக்கு இங்க ஒரு கைதான். அதும் அப்பப்ப."

"அப்போ கோரு?"

"ஆமைக்கு."

"கணக்குப்படி கிரேன்தான் நல்லது. நான் எல்லாத்தையும் வச்சிப் பாத்துட்டேன்."

"பாத்திருப்ப."

"ஆமைக்கு வச்சா நான் எப்பிடி ஆடறது?"

"கத்துக்கோ."

"வர மாட்டேங்குதே. இப்பதான பாத்த?"

அக்கா தொட்டியைக் கையால் தட்டினாள். மேலே தங்கியிருந்த அரிசி சரிந்து இறங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கிரேனுக்கு வக்கறதுன்னா சொல்லிட்டு வை. நான் ஐடிய வுட்டுர்றேன். சண்ட போட மாட்டேன். எனக்கு இங்க பொழுது பூரா இந்தச் சத்தம். நடுவுல அது ஒண்ணுதான். அது இல்லன்னா செத்துப் போயிட மாட்டேன். ஆனா என்னக் கேட்டா ஆமைதான் சொல்லுவேன்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சண்டை போடத் தயாராகத்தான் ரயில் ஏறியிருந்தான். யாருக்கு ஐடியைக் கொடுத்தாய் என்று கேட்க ஒரு வாக்கியம்கூட மனதில் வைத்திருந்தான். அதைச் சொல்ல இங்கே இடமே இல்லை. மாவு மட்டும் அவன் சட்டை மேலும் படிந்துகொண்டிருந்தது.

மத்தியானம் கறிக்குழம்பு போட்டார்கள். பெலிக்ஸ் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "இன்னா மாப்ள, அந்த ஆமை கேஸா?" என்று கேட்டார். அவருக்கும் தெரிந்திருந்தது. வாசல் நாற்காலியில் இருந்து மாமனார், "போன வாரம் ஒரு நாள் நான்தான் செவப்பு பாத்தேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு, செத்துப்போச்சு. ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருந்தா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அறிவும் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று முழுசாகப் பிடிபடவில்லை.

திரும்பும் ரயில் முண்டியம்பாக்கத்தில் சிக்னலுக்கு நின்றது. ஆலைப் பக்கமிருந்து கரும்புப் பாகு வாசம் வந்தது. அறிவு போனைத் திறந்தான். விளையாட்டிலேயே இரண்டு ரோபோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடும் பக்கம் ஒன்று உண்டு. அதைத்தான் வாரம் பூராவும் பார்த்திருந்தான். வேகம், கிரேன். தாக்கு, கிரேன். தூரம், கிரேன். கவசம், ஆமை. பச்சை அம்பு எல்லாம் கிரேன் பக்கமே காட்டியது. கிரேன் அவன் ஓட்டிய கிரேன். சாயங்காலங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அது கைகளை விரித்துக்கொண்டு, இப்போதே இறங்கலாமா என்பது போல் நின்றது. ஆமை எதையும் கேட்கவில்லை. மூடிக்கொண்டிருந்தது.

சிக்னல் விழுந்து ரயில் குலுங்கியது. அவன் கோரை ஆமைக்குள் வைத்தான். ஏன் என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கணக்கு கிரேன் என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னது.

விக்கிரவாண்டி தாண்டும்போது தேவநாதன் கூப்பிட்டார்.

"எதுக்குப்பா வச்ச?"

"ஆமைக்கு தல."

"சூப்பரு. அந்தப் பூட்டு மேட்டரு? சிக்னல் கண்டுபுடிச்சியா?"

"கண்டுபுடிச்சேன்."

"சொல்லு, சொல்லு. எழுதிக்கறேன்."

அறிவு யோசித்தான். "மூடிட்டு கேப்பை அரைக்கணும்."

"கேப்பைன்னா? அது எந்த ஸ்கில்லு?"

"ஸ்கில்லு இல்ல தல. கேப்பைதான். அரிசின்னாலும் சரி."

"தண்ணி கிண்ணி போட்டுக்கினு இருக்கியா?"

"இல்ல தல. அவங்க மாமியா சத்தம் போடுவாங்க. அப்பதான் தொறக்கணும்."

தேவநாதன் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குழுவில் அவர் போட்டது வந்தது: "பூட்டு பத்தி அறிவு சொல்ல மாட்டேங்கறான். ரகசியமா வச்சிக்கறான். பரவாயில்ல."

திங்கட்கிழமை சாயங்காலம் அவனுடைய முறை. கடையில் கூட்டம் குறைவு. அவன் ஆமையை எடுத்துக்கொண்டு மேல் லீக்கில் இறங்கினான். தெருவைத் தாண்டுவதற்குள் ஓமந்தூர்க்காரர் ஒருவர் வந்து, திரை உடைந்த போனைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

"தம்பி, நம்ம போனு. கொஞ்சம் ஜல்தியா பாத்துக் குடு."

அறிவு ஆமையை மூடினான். ஓமந்தூர்க்காரரின் போனைக் கையில் எடுத்தான். பின்பக்கத்தைச் சூடு காட்டிப் பிரிக்க வேண்டும், கவனம் அதில் இருக்க வேண்டும். கை வேலையில் இருந்தது. கண் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் எதிரிகள் வருவது தெரிந்தது. ஒன்று, இரண்டு. விரல் ஆமைப் பக்கம் போயிற்று. இழுத்துக்கொண்டான்.

தன்னுடைய போனை எடுத்து, வந்தவரைப் பார்க்க வைத்துச் சாய்த்து நிறுத்தினான்.

"ஐயா, இதக் கொஞ்சம் பாத்துக்கினே இருங்க. செவப்பு வந்தா ஒரு சத்தம் போடுங்க."

"எது செவப்பு?"

"வந்தா தெரியும்."

அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு குனிந்தார். திரையில் ஏதோ ஒன்றைச் சுற்றி ஏதேதோ நின்று அடித்துக்கொண்டிருந்தன. யார் நம்ம ஆள், யார் எதிராளி என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது உயிரோட இருக்குதா, செத்துப்போச்சா தம்பி?"

"தெரியல" என்றான் அறிவு, திருப்புளியைத் தேடியபடி. "நீங்கதான் சொல்லணும்."